ஆகாயத்துக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ்

கல்லணையில் தொடங்கி வேதாரண்யம் உப்பளம் வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் உட்பிரிவு அண்ணனைப் போலக் கவலைப்படத் தெரிந்த இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். நாமெல்லாம் கவலை வந்தால் கவலைப்படுகிறவர்கள். அவர் கவலை வராவிட்டால் கவலைப்படுகிறவர். "என்னமோ தெரியல தங்கச்சி, காலைலேர்ந்து மனசு லேசா இருக்கு. எதையோ மறந்துட்டேன் போலருக்கு" என்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வருவார்.

மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லையென்றால் குறுவை போச்சே என்று கவலை. திறந்துவிட்டால் கடைமடைக்கு வந்து சேருமா என்று கவலை. வந்து சேர்ந்துவிட்டால் வடியுமா என்று கவலை. பத்து மணி பஸ்ஸில் வந்தாலே போதும், அவர் ஒன்பதரை பஸ்ஸில் வருவார். "பத்து மணி பஸ் பஞ்சராயிட்டா என்ன பண்றது?" என்பார். ஒன்பதரை பஸ் பஞ்சரானால் என்ன பண்ணுவீர்கள் என்று ஒருநாள் வாய்க்கொழுப்பில் கேட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து எட்டே முக்கால் பஸ்ஸில் வர ஆரம்பித்துவிட்டார்.

கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கடைத்தெருவில், உரக்கடை மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். நிலத்தை அளந்து படம் போட்டுக் கொடுக்கும் தனியார் ஆபீஸ். மொத்தம் மூன்றே பேர். முதலாளி பாய், துபாயில் கட்டட சர்வேயராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். படம் வரைய உட்பிரிவு அண்ணன். டைப் அடிக்க, ஃபோன் எடுக்க, வருகிறவர்களைச் சமாளிக்க, அண்ணனின் கவலைகளைக் கேட்க நான். இதில் முதல் மூன்று வேலைக்குத்தான் சம்பளம்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 214 என்ற எண்ணுள்ள நிலத்தை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டால் அது 214/1, 214/2 என்று ஆகும். அதற்குப் பெயர் உட்பிரிவு. எங்கள் அண்ணன் எதையும் பிரித்து எண் போடாமல் விடமாட்டார். தயிர்சாத டப்பாவைத் திறந்து ஸ்பூனால் நாலு கோடு கிழித்துக்கொண்டுதான் சாப்பிடுவார். "மூணுல உப்பு தூக்கல், நாலு பரவால்ல" என்பார். பாய் மகள் கல்யாணத்தில் சஹன் சாப்பாடு. ஒரே தாம்பாளத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடவேண்டும். அண்ணன் விரலால் சோற்றில் குறுக்கும் நெடுக்கும் வரப்புப் போட்டுவிட்டு, "எலும்புத்துண்டு ஒங்க எல்லையில விழுந்துருக்குங்க, எடுத்துக்குங்க" என்று எதிரே இருந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் சொன்னார். அன்றைக்கு வைத்த பெயர்தான். வைத்தது பாய்.

இந்த மனிதர் இரவு வானத்தை அளந்தார் என்றால் நம்புவீர்களா? பொழுது சாய்ந்தால் வாசற்படி தாண்டமாட்டார். வரப்பில் பாம்பு, தெருவில் நாய், தலையில் பனி. ஆகவே இரவு வானத்தை அவர் அளந்ததெல்லாம் மத்தியானம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை, சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸின் பெரிய கம்ப்யூட்டர் திரையில். எங்கெங்கோ மலையுச்சியில் இருக்கும் பெரிய தொலைநோக்கிகள் வானத்தைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இன்டர்நெட்டில் போட்டுவைத்திருக்கின்றன. அண்ணன் அதில் ஒரு பெரிய விண்மீன் திரளைப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நிலத்துக்குக் கொடுப்பது மாதிரியே ஒன்றிலிருந்து முந்நூறு வரை புல எண் கொடுத்து, தினம் ஒரு கட்டமாகத் தேடினார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"பெரிய கேலக்ஸி இருக்குல்ல தங்கச்சி, அத சுத்தி சின்னச் சின்ன கேலக்ஸி நெறைய இருக்கும். பெரிசு பளிச்சுன்னு தெரியும். சின்னதுல நட்சத்திரம் கம்மி, கண்ணுக்கே ஆப்டாது. தெளிச்ச வயல்ல ஒரு எடத்துல மட்டும் நாத்து கொஞ்சம் நெருக்கமா மொளச்சிருந்தா எப்புடி இருக்கும், அவ்வளவுதான் அடையாளம்."

"அது கெடந்தா கெடக்குது. உங்களுக்கு என்னண்ணே?"

"பெரிசு அத இழுத்து இழுத்து முழுங்கிடும்மா. பதிவுல வர்றதுக்கு முன்னாடியே காணாமப் போயிரும்."

நெஞ்சு பகீரென்றது எனக்கு. "எப்பண்ணே முழுங்கும்?"

"இன்னும் நூறு, இருநூறு கோடி வருசத்துல."

"அப்ப சாப்பிட்டுட்டே கவலப்படுங்க" என்று டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன்.

இந்தக் கதையில் இன்னொருவரும் வருவார். பக்கத்து ஊர் விவசாயி முருகையன். வரப்பை வெட்டி வெட்டித் தன் நிலத்தோடு சேர்த்துக்கொண்ட பெரிய பண்ணைக்காரர் மேல் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்துக்காகக் கேஸ் போட்டு, அதிலேயே தலை நரைத்தவர். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் முதலில் ஆட்சேபணை சொல்லிவிட்டு அப்புறம்தான் படிப்பார். ஒருமுறை அவருடைய வயல் படத்தோடு அண்ணனின் வானப்படம் ஒன்றும் கலந்து போய்விட்டது. மறுநாள் மாடிப்படி அதிர ஏறி வந்தார்.

"எவன்யா என் வயல்ல இத்தன ஓட்ட போட்டது? போர் போட்டுருக்கானா, எலி தோண்டிருக்கா? ஒங்க படத்துலயே தெரியுதே!"

அது நட்சத்திரங்கள் என்று புரியவைத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவதற்குள் பாய்க்கு மூச்சு வாங்கியது.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, இங்க வா. பதறாத." பதறாதே என்று அவரே சொன்னதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. உரக்கடை தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். திரையில் புல எண் 214. ஓர் ஓரமாக, போட்ட கோலத்தின் மேல் யாரோ தண்ணீர் தெளித்துவிட்ட மாதிரி ஒரு மங்கல். அவ்வளவுதான். அதன் மேல் விரல் படாமல் சுட்டிக் காட்டினார்.

அடுத்த பதினோரு நாள் அந்த மனுஷன் பட்டபாடு சொல்லி மாளாது. வேறு இரண்டு தொலைநோக்கிகளின் படங்களிலும் பார்த்தார், இருந்தது. பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் சிதறி விழுந்ததோ என்று பார்த்தார், இல்லை. இதுவரை கண்டுபிடித்தவற்றின் பட்டியல்களையெல்லாம் புரட்டினார், எதிலும் இல்லை. தயிர்சாதம் உட்பிரிவு ஆகாமலே புளித்தது. வெளிநாட்டில் ஒரு விஞ்ஞானி, இப்படித் தேடும் ஆர்வலர்களின் தகவல்களை மெயிலில் வாங்கிப் பதிவு செய்துகொண்டிருந்தார். அண்ணனுக்கு இங்கிலீஷ் எழுதுவதென்றால் பயம். "கால் எங்க போடணும், கொம்பு எங்க போடணும்னே தெரியல" என்பார். அதனால் மெயில் அடிப்பது நான், பாஸ்வேர்டும் என்னிடம்.

"இன்னைக்கே அனுப்பிடலாம்ணே. உலகம் பூரா இதைத்தானே தேடுறாங்க? எவனாவது முந்திக்குவான்."

"அதெப்புடிம்மா? நோட்டீஸ் ஒட்ட வேணாமா?"

எங்கள் ஆபீஸில் எந்த நிலத்தைப் பிரித்தாலும் அண்ணன் ஒரு முறை வைத்திருந்தார். அளந்ததும் வாசலில் நோட்டீஸ் ஒட்டி, பக்கத்து நிலக்காரர்களுக்குச் சொல்லி, பதினைந்து நாள் ஆட்சேபணைக்குக் காத்திருந்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அது வயலுக்கு. வானத்துக்கும் ஒட்டுவார் என்று நான் கனவா கண்டேன்? மறுநாள் மாடிப்படி வாசலில் தொங்கியது.

"அறிவிப்பு. வானப் புல எண் 214-ல் இதுவரை எந்தப் பதிவேட்டிலும் இல்லாத மங்கலான சிறு பொருள் ஒன்று இருப்பதாகத் தெரியவருகிறது. மேற்படி பொருளைத் தனி உட்பிரிவாகப் பதிவு செய்வதில் ஆட்சேபணை உள்ளவர்கள் இன்றிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் நேரிலோ எழுத்து மூலமோ தெரிவிக்கலாம். தவறினால் ஆட்சேபணை இல்லை எனக் கருதப்படும்."

பாய் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன புள்ள, இவருக்கு ஜுரமா?"

நான் நாளை எண்ண ஆரம்பித்தேன். நாலாம் நாள் ஆட்சேபணையும் வந்துவிட்டது. முருகையன்தான். வானம் என்ற வார்த்தை அவர் கண்ணில் படவில்லை. 214 மட்டும் பட்டது. அவருடைய வயலின் எண்ணும் அதுவே.

"214 எங்கப்பாரு பேருல உள்ள நம்பரு. நான் உசுரோட இருக்கையில எவன் அதுல உட்பிரிவு பண்றது?" மனுவே எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"அய்யா, இது வானத்துல உள்ள 214ங்க."

"என் நெலத்துக்கு மேல உள்ள வானம் யாருது? பாதாளத்துலேர்ந்து ஆகாசம் வரைக்கும் எனக்குத்தான் பாத்தியம்."

"பத்திரத்துல ஆகாசம்னு எங்கயும் இல்லீங்களே?"

"இல்லன்னு மட்டும் எழுதியிருக்கா?"

வேறு யாராக இருந்தாலும் சிரித்து அனுப்பியிருப்பார்கள். அண்ணன் மனுவை வாங்கி, எண் போட்டு, ஆறாம் நாள் விசாரணை என்று எழுதிக் கொடுத்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் விசாரணை. பாய் தலைமை. அண்ணன் பொறுமையாகச் சொன்னார், "பூமி சுத்துதுங்க. இப்ப உங்க வயலுக்கு நேர் மேல உள்ள வானம் ஒரு மணி நேரத்துல அரபிக்கடலுக்கு மேல போயிடும். எந்த எடம்னு பாத்தியம் கொண்டாடுவீங்க?"

முருகையன் விடவில்லை. "சுத்தறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா?"

அண்ணன், "கேக்கலதாங்க" என்று அதையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். பாய் எழுந்து, "இன்னைக்கு நான் வூட்டுக்குப் போய்ச் சேந்த மாதிரிதான்" என்று ஃபேனை ஒரு எண் கூட்டினார்.

கடைசியில் முருகையனைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "எங்க? இதா? இத்துனூண்டா? தொடச்சா போயிடும் போலருக்கே."

"ஆமாங்க. பக்கத்துல உள்ள இந்தப் பெரிசு இதக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து முழுங்கிடும்ங்க."

முருகையன் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தார். "வரப்பு ஓரமா வெட்டி வெட்டித்தான் சேத்துக்குவானுவ. எனக்குத் தெரியாதா?" என்றார். அப்புறம் பேனாவை வாங்கினார். "ஆட்சேபண வாபஸ். எங்க கையெழுத்து போடணும்? சீக்கிரம் பதிஞ்சு குடுத்துடுங்க தம்பி, லேட் பண்ணாதீங்க."

அவர் இறங்கிப் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஆட்சேபணக்காரரே சீக்கிரம்ங்கறாரு. அனுப்பிடவாண்ணே?"

"இன்னும் ஒம்பது நாள் இருக்கேம்மா."

எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். "வானத்துக்கு நோட்டீஸ் ஒட்டிட்டு ஒக்காந்திருக்கீங்களே, எவனாவது தட்டிக்கிட்டுப் போவப் போறான்! அப்ப யாருகிட்ட ஆட்சேபண குடுப்பீங்க?"

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "எங்க தெருவுல முப்பத்தி நாலு வீடு, தங்கச்சி. எல்லாம் கூலி வேலைக்குப் போறவங்க. அளக்க வந்தவங்க வரப்போடயே நின்னுட்டு, வெயிலுன்னு திரும்பிப் போயிட்டாங்க. அன்னைக்கி அவங்களுக்கு அளக்குற சங்கிலி புடிச்சதே எங்கப்பாதான். படம் வந்தப்ப எங்க தெரு வெறும் வெள்ளையா இருந்துச்சு. ஒரு வார்த்த யாரையாச்சும் கேட்டிருந்தா, 'இங்க நாங்க இருக்கோம்'னு சொல்லியிருப்போம்ல? அதான், நான் அளக்கறது எதுவா இருந்தாலும் ஒரு தடவ கேட்டுட்டுதான்."

வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனதை மூடமுடியவில்லை. நான் சேர்ந்ததிலிருந்து அவர் கட்டம் கட்டமாகத் தேடியது, கடைசி நிமிஷத்தில் கைநழுவிப் போகப்போகிறதே என்று இருப்புக்கொள்ளவில்லை. சோற்றில் உப்பு போட்டேனா என்று தெரியாமல் வீட்டில் இரண்டு தடவை போட்டேன்.

ஒன்பதாம் நாள், மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டிருக்குமோ என்ற கவலையில் அண்ணன் மேலே போனார். ஐந்தே நிமிஷம். படம், அளவு, எல்லாவற்றையும் சேர்த்து அவர் பெயரில் மெயிலை அனுப்பிவிட்டேன். அவர் இறங்கி வந்து, "கொழா சுத்தமாத்தான் இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்புறம் நான்தான் உட்பிரிவு அண்ணன். எட்டே முக்கால் பஸ்ஸில் வந்தேன். ஃபோன் 'டிங்' என்றால் தூக்கிவாரிப்போட்டது. ஊமை கண்ட கனவு மாதிரி யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. மிக்க நன்றி, நல்ல கண்டுபிடிப்பு, பெரிய தொலைநோக்கியால் சரிபார்க்க இருக்கிறோம். ஆனால் இதே பொருளை, தங்கள் மெயிலுக்கு இரண்டு நாள் முன்னால், வேறொரு நாட்டுப் பள்ளிக்கூட ஆசிரியை தனியாகக் கண்டு தெரிவித்திருக்கிறார். ஆகவே பட்டியலில் அவர் பெயரில் பதிந்திருக்கிறோம்.

இரண்டே நாள். நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கு அனுப்பியிருந்தால் அண்ணன் பெயர். முருகையன் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அனுப்பியிருந்தாலும் அண்ணன் பெயர். கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மூன்று நாள் சொல்லாமலே மறைத்தேன்.

பதினைந்தாம் நாள் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நோட்டீஸைக் கிழியாமல் எடுத்து மடித்து, பதிவேட்டில் ஒட்டினார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தங்கச்சி, இப்ப அடிம்மா. மரியாதையா அடி. பெரிய மனுசங்க படிக்கிறது."

நான் கீபோர்டில் கைவைக்கவே இல்லை. பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அனுப்பியது, பதில் வந்தது, டீச்சர், இரண்டு நாள், எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். பாய் எழுந்து வந்து நின்றார். அண்ணன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார்.

"பதிஞ்சாச்சா?" என்றார்.

"ஆச்சுண்ணே. ஆனா ஒங்க பேருல இல்லண்ணே. அந்த டீச்சரு பேருல."

"பதிவு ஆயிடுச்சுல்ல? பட்டியல்ல இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

"அப்பாடா" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கு இந்தப் பதினஞ்சு நாளும் ஒரே பயம்மா. இல்லாத ஒண்ண இருக்குன்னு சொல்லிட்டேனோன்னு. எங்கயோ ஒரு டீச்சரம்மா தனியா அளந்துருக்காங்க, நான் தனியா அளந்துருக்கேன். ரெண்டு அளவும் ஒண்ணா வந்துருச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?"

டப்பாவைத் திறந்து, கோடு கிழிக்காமல் தயிர்சாதத்தை மடமடவென்று சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வரும்போது மட்டும், "ஆனா கேக்காம அனுப்புனது தப்பு தங்கச்சி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலம் அவர் பஸ்ஸுக்குப் போனதும் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். புல எண் 214. கண்டவர்: வெளிநாட்டு டீச்சரம்மா. தகவல் அனுப்பியவர்: தங்கச்சி. ஆட்சேபணை சொல்லி வாபஸ் வாங்கியவர்: முருகையன். தலைமை: பாய். எல்லோரும் இருந்தோம். அவர் பெயரைத் தேடினேன், எந்தக் கட்டத்திலும் இல்லை. எனக்கு அடக்கமுடியாத ஆத்திரம் வந்தது. பேனாவை எடுத்து, 'கண்டவர்' என்ற இடத்தில் டீச்சருக்குப் பக்கத்தில் அவருடைய நிஜப் பெயரை, மூன்று தலைப்பெழுத்தோடு, அழுத்தி எழுதினேன். அவரைக் கேட்கவில்லை.

பாய் ஆபீஸை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். அண்ணன் இப்போது தஞ்சாவூரில் வேறோர் ஆபீஸில் படம் வரைகிறார். புயல் சின்னம் என்று செய்தி வந்தால் டிவிக்கு முன்னால் அவர் ஃபோன் வந்துவிடும். "தங்கச்சி, மொட்டமாடியில தண்ணி தேங்கலியே?" பதிவேட்டை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார், கரையான் அரித்துவிடுமோ என்ற கவலையில். 214-ஆம் பக்கத்தை அவர் திரும்பிப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

ஆகவே இதனால் அறிவிப்பது என்னவென்றால், அந்த மங்கலைக் கண்டவர்களில் எங்கள் அண்ணனும் ஒருவர். இதில் ஆட்சேபணை உள்ளவர்கள், அண்ணன் உட்பட, பதினைந்து நாட்களுக்குள் என் வீட்டுக்கு வந்து தெரிவிக்கலாம். அண்ணன் எழுத்து மூலம் அனுப்பினால் ஏற்கப்படாது. நேரிலேயே வரட்டும். பார்த்து ரொம்ப நாளாகிறது.